கால் பாயிண்ட்டில் தோற்ற சம்பந்திக்கு

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத சம்பந்தி அவர்களின் சமுகத்துக்கு, வணக்கம் பல.

இங்கே நான், என் மனைவி, உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மகள், நம் பேத்தி ஐந்து பேரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். வேண்டிவிட்டேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி, நீங்கள் தோற்றுப்போனீர்கள்.

நேற்று மாலை நான்கு இருபத்தைந்துக்கு மாவு ஆலையில் என் மரவள்ளிக் கிழங்குக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தார்கள். உங்கள் கிழங்கு இருபத்தேழரை பாயிண்ட். என் கிழங்கு இருபத்தேழே முக்கால். கால் பாயிண்ட்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். முப்பத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நிமிடம் முந்தினாலும் முந்தியதுதான், பிந்தினாலும் பிந்தியதுதான். சீட்டைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியாகிவிட்டது. ஆணி அடித்தபோது கொஞ்சம் காரை பெயர்ந்தது. வெற்றியென்றால் அப்படித்தான் இருக்கும்.

போன வருடம் பேத்தியின் பிறந்தநாளன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டு, "சம்பந்தி, பஸ்ஸுக்கு விசில் ஊதலாம், கிழங்குக்கு ஊத முடியாது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் சொந்த மனைவி எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள். நான் வீராப்பாக, "அடுத்த அறுவடையில உங்க பாயிண்ட்டைத் தாண்டிக் காட்டுறேன், தாண்டலைன்னா வயலை உங்க கையில குடுத்துட்டு வீட்டுல உக்காந்துக்கிறேன்" என்று வாயை விட்டேன். "தாண்டிட்டா?" என்று உங்கள் மகள் கேட்டாள். "தாண்டிட்டா, கிழங்கு விஷயத்துல இவருதான் எனக்குப் பெரியவருன்னு இதே கூடத்துல எழுந்து நின்னு சொல்றேன்" என்றீர்கள். இருபது சாட்சி இருக்கிறது. அதில் பதினெட்டு பேர் உங்கள் பக்கத்து உறவு.

அன்றைக்கு நீங்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது என்பதை வென்றவன் என்ற முறையில் இப்போது பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து அந்த முக்கால் ஏக்கரை வாங்கி முதல் தடவை மரவள்ளி வைத்தபோது எனக்குத் தெரிந்த ஒரே உரம் யூரியாதான். மூன்று முறை அள்ளிப் போட்டேன். செடி குடை மாதிரி விரிந்தது. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் செடியோடு நின்று போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பினேன். பிறகு அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, நுனி கருகி, யாரோ ஊதுபத்தியால் சுட்ட மாதிரி ஆனது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தேன். மருந்து முகத்தில் தெறித்து ஒரு வாரம் கண் வீங்கியதே மிச்சம். பறித்துப் பார்த்தால் கிழங்கு பேனா பருமன். அவித்துத் தின்றால் கசப்பு. பக்கத்து வயல்காரரின் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு நகர்ந்தது. ஆலையில் கிழங்கை வெறும் தராசில் ஒரு தரம், தண்ணீரில் முக்கி ஒரு தரம் எடை போட்டு, எத்தனை மாவு இருக்கிறது என்று பாயிண்ட் கணக்குச் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தராசுக்காரர் பத்தொன்பது என்று சொல்லிவிட்டு, "சார், இது கிழங்குதானா, இல்ல வேரா?" என்று கேட்டார். அதையும் நான் உங்களிடம் மறைக்கவில்லை. நீங்களும் அதை ஊரில் ஒருவரிடமும் மறைக்கவில்லை.

சவால் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் பயம் பிடித்தது. இதை இப்போது வெளிப்படையாகவே எழுதுகிறேன். வயல் போய்விட்டால் காலை ஆறு நாற்பதுக்கு நான் எங்கே போவேன்? வயல் வாங்கும்வரை வீட்டில் இருந்த அந்த ஒன்றரை வருடத்தில் நான் சும்மா இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குளியலறைக் கதவில் யார் எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்று அட்டவணை ஒட்டினேன். குக்கர் விசிலுக்கும் என் விசிலுக்கும் இடையே எத்தனை நொடி என்று குறித்துக்கொடுத்தேன். உங்கள் மகள் முன் அறையில் தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்கிறாளே, அவளிடம் துணி கொடுக்க வருகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து, அளவெடுக்க ஆளுக்கு ஏழு நிமிடம் என்று ஒழுங்கு செய்தேன். வாடிக்கைக்காரர்கள் குறைந்தார்கள், ஆனால் வந்தவர்கள் நேரத்தோடு வந்தார்கள். இத்தனை சேவை செய்தும் எனக்கு மனம் நிறையவில்லை. வயலில் இறங்கிய பிறகுதான் நிறைந்தது. எனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்ற நினைப்பு அது. அதைப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

ஆகவே மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாளுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்து, "சாம்பல் சத்து ரொம்பக் குறைச்சல். அதாவது பொட்டாசியம். முன்னாடி இந்த வயல்ல என்ன இருந்துச்சு?" என்றார். எனக்கு முன்பு வைத்திருந்தவர் பன்னிரண்டு வருடம் மரவள்ளி மேல் மரவள்ளியாகப் போட்டிருந்தார் என்றேன். "மரவள்ளி மாதிரி பொட்டாசியத்தை உறிஞ்சுற பயிர் கம்மி. கிழங்கு பிடுங்கும்போது அதுவும் சேர்ந்து வண்டி ஏறிப் போயிடும். திருப்பி யாரும் வைக்கல. நீங்க யூரியாவை வேற கொட்டியிருக்கீங்க. இலை நல்லாச் சமைக்குது, சமைச்சதைக் கீழ கிழங்குக்குக் கொண்டு போய்ப் பரிமாறத்தான் ஆள் இல்ல" என்றார். சம்பந்தி, அந்த வினாடி எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டாண்டு நிறையப் பயணிகள், பஸ் ஒன்றுகூட இல்லை! முப்பத்தெட்டு வருடம் இதைத்தானே பார்த்தேன்! பொட்டாஷ்தான் பஸ். இலைதான் ஸ்டாண்டு. கிழங்குதான் கடைசி நிறுத்தம். நான் மேஜையைத் தட்டி, "அம்மா, அந்த பஸ்ஸை ஓட்ட என்னைவிட்டா ஆள் கிடையாது" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பொட்டாஷை இரண்டு தவணையாகப் போடச் சொன்னார். நடும்போது பாதி, மூன்றாம் மாதம் பாதி. முதல் தவணையை மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து நடவோடு சேர்த்து முடித்துவிட்டுப் போனார். நாற்பது வரிசை, வரிசைக்குத் தொண்ணூறு செடி. இரண்டாம் தவணையை ஒருவரையும் தொட விடவில்லை, நானே ஓட்டினேன். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு வாங்கினேன். பார்க்கச் செங்கல் தூள் மாதிரி சிவப்பாக இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. டிப்போவில் பயன்படுத்திய அதே டிரிப் ஷீட்டை அச்சடித்துக்கொண்டேன். காலை ஆறு நாற்பதுக்கு விசில். இடது கையில் வாளி, வலது கையில் என் மனைவியின் சிறு கரண்டி. போகும்போது செடிக்கு இந்தப் பக்கம் ஒரு கரண்டி, வரும்போது அந்தப் பக்கம் ஒரு கரண்டி. ஒவ்வொரு முனையிலும் நின்று நேரம் எழுதிக் கையெழுத்து. ஒரு நாளைக்கு நான்கு டிரிப், பத்து நாளில் நாற்பது டிரிப். ஒரு டிரிப்கூட ரத்தாகவில்லை! எந்த வரிசையில் நிற்கிறேன் என்றுகூட நான் பார்க்கவில்லை. செடி நெஞ்சு உயரம், பார்த்தாலும் தெரியாது. தாளைத்தான் பார்த்தேன். பஸ் கண்ணுக்கே தெரியாவிட்டாலும், வந்தது என்று தாளில் எழுதியிருந்தால் அது வந்ததுதான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு டிப்போவே ஓடியது.

"மழை பெஞ்சு மண் ஈரமா இருக்கும்போது போடுங்க சார்" என்று மேஸ்திரி சொன்னார். கால அட்டவணையில் மழைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். காய்ந்த மண்ணில்தான் போட்டேன். காற்றடித்து வாளியிலிருந்து கொஞ்சம் பறந்து, பக்கத்து வயல்காரர் உலர்த்தியிருந்த வெள்ளைப் போர்வையில் படிந்தது. அவர் போர்வையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அவரையும் ஷீட்டில் 'வழியில் இடையூறு, ஒன்பது நிமிடம்' என்று பதிவு செய்தேன். இதில் இன்னொரு பெருமையும் உண்டு. இரண்டு மூட்டையில் ஒரு மூட்டை அப்படியே மிச்சம்! கட்டுகூடப் பிரிக்கவில்லை. சிக்கனமாக ஓட்டினால் டீசல் மிச்சமாகும் என்று டிரைவர்களிடம் தலைதலையாக அடித்துக்கொண்டவன் நான். உரத்திலும் அதை நிரூபித்துவிட்டேன்.

அதற்கு மறுவாரம், நல்ல மழை பெய்து ஓய்ந்த அன்று, நீங்கள் பேத்தியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று வந்து இரண்டு நாள் தங்கினீர்கள். நான் என்ன காதில் பூ வைத்தவனா? வேவு பார்க்க வந்தீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். முழங்காலுக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று விடியற்காலையிலேயே கிளம்பிப் போனீர்கள். திரும்பி வந்தபோது சட்டைக் கையெல்லாம் சிவப்பு. கேட்டதற்குச் செங்கல் சுவரில் சாய்ந்தேன் என்றீர்கள். ஜன்னல் வழியே தெரிந்த, ஸ்கூட்டரில் கட்டியிருந்த மூட்டையைக் கேட்டதற்குக் கோழித் தீவனம் என்றீர்கள். என் பயிரைப் பார்த்து மனம் கலங்கிக் கண்ட சுவரில் சாய்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் எனக்கு முதுகுப்பிடிப்பு, கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இல்லாவிட்டால் கூடவே வந்து ஒவ்வொரு செடியாகக் காட்டி இன்னும் கொஞ்சம் கலங்கடித்திருப்பேன்.

இனி நேற்றைய கதை. பத்தாம் மாதம் முடிந்து பறித்தோம். முதல் இருபது வரிசை ஒரு டிராக்டரில், அடுத்த இருபது வரிசை இன்னொரு டிராக்டரில். இரண்டுக்கும் முன்னால் நான் உங்கள் மாப்பிள்ளையின் பைக்கில், பின் சீட்டில், வாயில் விசிலோடு. ஆலை வாசலில் உங்கள் மகள் தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள், கையில் போன். முதல் டிராக்டர் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் முக்கினார் அதே தராசுக்காரர். இருபத்தாறு. போன வருடத்தைவிட ஏழு பாயிண்ட் கூடத்தான், ஆனால் உங்கள் இருபத்தேழரையைத் தொடவில்லையே! வயல் கண் முன்னால் கைமாறிப் போவது தெரிந்தது. நீங்கள் வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பதும் தெரிந்தது. என் மகன் என் தோளைத் தொட்டு, "விடுங்கப்பா, போனாப் போகுது" என்றான். "போகாதுடா" என்றேன்.

இரண்டாவது டிராக்டர் கிழங்கைத் தொட்டியில் இறக்கினார்கள். முள் நின்றது. தராசுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் முக்கினார். "இருபத்தொம்பதரை" என்றார். சம்பந்தி! இருபத்தொன்பதரை! இந்த அறுவடையில் அந்த ஆலைக்கு அப்படி ஒரு கிழங்கு வரவில்லையாம்! கிழங்கு ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், தொடை பருமன். உடைத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் இருபத்தேழே முக்கால். நான் ஊதிய விசிலில் ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பாதிப் பேர் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்துவிட்டார்கள். மேலாளர் கத்தினார். கத்தட்டும். உங்கள் மகள் துள்ளிக் குதித்து, உடனே உங்களுக்குப் போன் போட்டு, "அப்பா, தப்பிச்சோம்ப்பா!" என்று கத்தியதை என் காதாலேயே கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பன் மண்ணைக் கவ்விய நேரத்தில் மாமனாருக்காகச் சந்தோஷப்படுகிற மருமகள் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? வளர்ப்பு உங்களுடையது என்பதை மறுக்கமாட்டேன்.

முதல் பாதிக்கு இருபத்தாறும் பின் பாதிக்கு இருபத்தொன்பதரையும் ஏன் என்று நீங்கள் மண்டையைக் குடைந்துகொள்வீர்கள். சொல்லித்தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எந்த டிரைவரும் முதல் சில டிரிப்பில் கையை இறுக்கமாகத்தான் வைத்திருப்பார். போகப் போகத்தான் கை பழகும். இருபதாவது வரிசைக்கு மேல் என் கை பழகிவிட்டது. கரண்டி தானாகவே அளந்தது. அவ்வளவுதான் சூட்சுமம். நாற்பது வருடம் கிழங்கு போட்டும் இது உங்களுக்குத் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரும் மாதம் பேத்தியின் பிறந்தநாள். அதே கூடம், அதே இருபது பேர். பகல் பன்னிரண்டு முப்பதுக்கு நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். சொல்ல வேண்டிய வாசகத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முழங்கால் வலித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அதற்கு ஆட்சேபனை இல்லை. எதிர்காலத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். என் டிரிப் ஷீட்டையும் ஒரு நகல் எடுத்து இத்துடன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு என் விசாரிப்பையும், உங்கள் வயலுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைந்த மனதோடு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நிமிடமும் பிந்தாத, கால் பாயிண்ட் முந்திய,
உங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, டிரிப் ஷீட்டை நகல் எடுத்து வரும்படி உங்கள் மகளிடம் கொடுத்தேன். அவள் ஷீட்டைத் துணி அளவெடுக்கிற மாதிரி மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துவிட்டு, "மாமா, போகும்போது ஒரு டிரிப்பு, வரும்போது ஒரு டிரிப்பு. அதே வரிசைதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நாப்பது டிரிப்புக்கு எத்தனை வரிசை?" என்றாள். நாற்பது என்று சொல்ல வாயெடுத்தவன், விரல் விட்டு எண்ணினேன். பிறகு எழுந்து போய் அந்தப் பிரிக்காத மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இருபதாவது வரிசையோடு என் பஸ் நின்றுவிட்டது, சம்பந்தி. இருபத்தொன்றிலிருந்து நாற்பது வரைக்கும் என் கரண்டி படவே இல்லை. அப்படியென்றால் அந்த இருபத்தொன்பதரை யாருடையது என்று கேட்டேன். உங்கள் மகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாதி வயலில் சிவப்பே காணோமே என்று சந்தேகப்பட்டு அவள்தான் உங்களுக்குப் போன் செய்தாளாம். நீங்கள் உங்கள் வயலுக்கு வைத்திருந்த பொட்டாஷில் ஒரு மூட்டையைக் கோழித் தீவனமாக்கிக் கொண்டுவந்து, ஈர மண்ணில், செடியைச் சுற்றி வட்டம் கீறிப் போட்டு, மண் மூடி, நான் பத்து நாளில் செய்ததை அந்த முழங்காலோடு இரண்டே காலைப் பொழுதில் முடித்தீர்களாம். அதனால்தான் உங்கள் வயல் இந்த வருடம் இருபத்தேழரையில் நின்றதாம்.

"எதுக்கும்மா? நான் தோத்தா வயல் உங்க அப்பாவுக்குத்தானே?" என்றேன். அவள் தயங்கினாள். உள்ளேயிருந்து என் மனைவி, "சொல்லுடி, பயப்படாதே" என்றாள். உங்கள் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க தோத்தா நாள் முழுக்க வீட்டுல இருப்பீங்க மாமா. அதுக்குத்தான் அப்பாகிட்ட அழுதேன்" என்றாள். அவள் 'தப்பிச்சோம்' என்றது எதிலிருந்து என்று இப்போதுதான் புரிந்தது.

எழுதியதைக் கிழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மையால் எழுதிய ஷீட்டை ரத்து செய்ய முடியாது, கீழே குறிப்புதான் எழுதலாம். அதனால் மேலே உள்ளது அப்படியே வருகிறது. வாசகம் எழுதிய தனித் தாளை மட்டும் எடுத்துவிட்டேன், அது எனக்கு வேண்டும். குளியலறைக் கதவில் இருந்த அட்டவணையையும் எடுத்துவிட்டேன். பசை போகவில்லை, உங்கள் மாப்பிள்ளை சுரண்டிக்கொண்டிருக்கிறான். விசில் இனி வயலில் ஆணியில் தொங்கும், வீட்டுக்கு வராது. மிச்சமான மூட்டையை நாளைக் காலை ஏழு ஐந்து பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிடுகிறேன், இறக்கிக்கொள்ளுங்கள். கோழித் தீவனம் என்றே எழுதி அனுப்புகிறேன்.

பிறந்தநாளன்று பன்னிரண்டு முப்பதுக்கு எழுந்து நிற்கப்போவது நான். கிழங்கு விஷயத்தில் இவர்தான் எனக்குப் பெரியவர் என்று இருபது பேர் முன்னால் உரக்கச் சொல்வேன். ஜெயித்தவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எல்லாரும் முழிப்பார்கள். அப்போது மட்டும் தயவு செய்து தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள், சம்பந்தி. வயல், வீடு, மானம் எல்லாவற்றையும் நீங்களே காப்பாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கால் பாயிண்ட்டை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.